மலையில் தெளித்தது மாட்டு மடிக்கு வருவது எப்படி?

(வானொலிப் பண்ணைப் பகுதியில் நிகழ்த்திய பேச்சு)



இன்றைக்கு நான் பேச வந்தது உரக் கணக்கும் இல்லை, விதைக் கணக்கும் இல்லை. ஏற்காட்டு மலையிலே ஒரு காப்பிச் செடிக்கு மருந்து தெளிக்கிறோம். அந்த மருந்து அந்தச் செடியோடு நின்று விடுகிறதா, இல்லை கிளம்பிப் போய் வேறே எங்கேயாவது குடியேறுகிறதா? இதைத்தான் பேசப் போகிறேன். தோட்டக்காரர்களுக்கு மட்டும் சொல்கிற சங்கதி என்று கீழே இருக்கிறவர்கள் ரேடியோவை அணைத்துவிட வேண்டாம். ஏன் என்றால், சேர்வராயன் மலையிலே பெய்கிற மழை ஒரே பக்கமாகப் போவதில்லை. திருமணிமுத்தாறு சேலம் பட்டணத்தின் நடுவே புகுந்து காவிரிக்குப் போகிறது. சரபங்கா நதி ஓமலூர்ப் பக்கம் இறங்கி அதுவும் காவிரிக்கே போய்ச் சேருகிறது. வாணியாறு தர்மபுரி மாவட்டத்திலே இறங்கி, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் அணையிலே தேங்கி, அப்புறம் தென்பெண்ணையோடு கலக்கிறது. ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் கிளியூர் அருவியாக விழுகிறது. மேலே ஒருத்தர் தெளித்தால் கீழே எத்தனை ஊர் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

முதலிலே தீனிக் கணக்கு. மருந்துக் கணக்கு பிறகு வரும். தீனி எப்படிக் கைமாறுகிறது என்று தெரிந்தால்தான் மருந்து எப்படிக் கைமாறுகிறது என்று புரியும்.

நம்ம வீட்டுப் பசுவையே எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இருபத்தைந்து, முப்பது கிலோ பசுந்தீவனம் போடுகிறோம். வைக்கோலும் போடுகிறோம், தவிடும் பிண்ணாக்கும் வைக்கிறோம். கறக்கிறது என்னவோ ஏழெட்டு லிட்டர். அந்தப் பாலிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். மீதித் தீனி எங்கே போயிற்று? கொஞ்சம் சாணமாகப் போயிற்று. கொஞ்சம் அது நடந்ததிலே, அசை போட்டதிலே, மூச்சு விட்டதிலே போயிற்று. பனிக் காலத்திலே மாட்டுக் கொட்டகைக்குள் போய் நின்று பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். நீங்கள் போட்ட புல்தான் அங்கே சூடாக மாறிக் காற்றோடு போகிறது. இதைத் திருப்பிப் பிடிக்க யாராலும் முடியாது.

மாட்டுக்கு மட்டும் இல்லை, உயிர் உள்ள எதற்கும் இதே கணக்குத்தான். சூரியன் கொட்டுகிற வெளிச்சத்திலே இலை பிடித்து வைக்கிறது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கை வைத்துத்தான் இந்த உலகமே சாப்பிடுகிறது. காப்பி இலையின் சாற்றைப் பச்சைச் செதில் பூச்சி உறிஞ்சுகிறது. செதிலைப் பொறிவண்டு தின்கிறது. வண்டைக் கரிச்சான் குருவி கொத்துகிறது. கரிச்சானை வல்லூறு அடிக்கிறது. இப்படி ஒன்றை ஒன்று கோத்துப் பிடித்திருக்கிறதைத்தான் உணவுச் சங்கிலி என்கிறார்கள். ஒவ்வொரு கண்ணியிலும் சக்தியிலே பெரும்பகுதி சூடாகவும் கழிவாகவும் போய்விடுகிறது. அடுத்த கண்ணிக்குக் கிடைக்கிறது சுமாராகப் பத்தில் ஒரு பங்கு. அமெரிக்காவிலே லிண்டெமன் என்று ஒரு இளைஞர், மின்னசோட்டா மாநிலத்துச் சதுப்பு ஏரி ஒன்றிலே வருஷக் கணக்காக உட்கார்ந்து, பாசி முதல் மீன் வரை யார் யாரைத் தின்கிறார்கள், எவ்வளவு மிஞ்சுகிறது என்று கணக்குப் போட்டார். 1942-ஆம் ஆண்டு அந்தக் கட்டுரை அச்சாகி வந்தது. வருவதற்குச் சில மாதம் முன்னாலேயே அவர் இறந்து போனார், வயது 27 தான். அந்தக் கணக்கிலிருந்து வளர்ந்ததுதான் இந்தப் பத்தில் ஒன்று. எல்லா இடத்திலும் சரியாகப் பத்து இருக்காது. சில இடத்திலே ஐந்து, சில இடத்திலே இருபது சதவீதம். மனசிலே வைத்துக் கொள்ளப் பத்து போதும்.

ரூபாயிலே சொல்கிறேன். இலையிலே பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். செதில் பூச்சிக்குப் போய்ச் சேருகிறது ஆயிரம். பொறிவண்டுக்கு நூறு. கரிச்சானுக்குப் பத்து. வல்லூறுக்கு ஒரே ஒரு ரூபாய். அதனாலேதான் ஒரு தோட்டத்திலே எறும்பை எண்ண முடியாது, கரிச்சானை எண்ணி விடலாம், வல்லூறு ஒரு ஜோடி இருந்தாலே அதிகம். மலையிலே புலி ஏன் ஆயிரக் கணக்கிலே இல்லை என்று கேட்கிற பிள்ளைகளுக்கும் இதுதான் பதில். அவ்வளவு பேருக்கு மேலே படி அளக்க ஆள் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காட்டிலும் சரி, நிழல் மரம் நிற்கிற காப்பித் தோட்டத்திலும் சரி, இலையிலே பெரும்பகுதியை யாரும் பச்சையாகத் தின்பதே இல்லை. சில்வர் ஓக் இலையும் பலா இலையும் உதிர்ந்து தரையிலே மெத்தை போலக் கிடக்கிறது. அதை மண்புழுவும், மரவட்டையும், கரையானும், கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைகளும் தின்கின்றன. அங்கேதான் தோட்டத்தின் பெரிய பந்தி நடக்கிறது. மண்ணைக் கெடுத்தால் பந்தியையே கலைத்த மாதிரி. இதை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இப்போது மருந்துக் கணக்கு.

தீனி எரிந்து போகிறது என்று சொன்னேன் அல்லவா? சில மருந்துகள் எரிவதில்லை. அங்கேதான் வில்லங்கம். ஒரு உதாரணம் பாருங்கள். பழைய பெட்டிப் பலகையை உடைத்து அடுப்பிலே வைக்கிறோம். பலகை எரிந்து சாம்பலாகி விடும். பலகையிலே இருந்த ஆணி எரியுமா? அப்படியே கிடக்கும். தினமும் சாம்பலை அள்ளிக் கொட்டி, ஆணியை மட்டும் அடுப்பிலேயே விட்டு வைத்தால், ஒரு மாதத்திலே அடுப்பு நிறைய ஆணிதான் இருக்கும். ஒவ்வொரு பலகையிலும் இருந்தது இரண்டே ஆணி. அடுப்பிலே சேர்ந்தது இருநூறு.

உடம்பும் இப்படித்தான். கரிச்சான் ஒரு பங்கு சதை போட வேண்டுமானால் பத்துப் பங்கு பூச்சி தின்ன வேண்டும். ஒன்பது பங்கு எரிந்து விடுகிறது. பூச்சியிலே இருந்த விஷம் எரியாத ஜாதியாக இருந்தால் பத்துப் பங்கு பூச்சியின் விஷமும் அந்த ஒரு பங்கு சதையிலே உட்கார்ந்து கொள்கிறது. அடுத்த கண்ணியிலே மறுபடியும் பத்து மடங்கு. தீனி கீழிருந்து மேலே போகப் போகச் சுருங்குகிறது, விஷம் மேலே போகப் போகப் பெருகுகிறது. இரண்டும் ஒரே வண்டியிலே ஏறிப் போகிற சரக்குத்தான். ஒன்று வழியிலே சிந்திப் போகிறது, மற்றது சிந்தாமல் குவிகிறது.

எல்லா விஷமும் இப்படிக் குவியாது. குவிவதற்கு இரண்டு குணம் வேணும். ஒன்று, லேசிலே சிதையாமல் இருக்க வேணும். இரண்டு, உடம்பிலே ஒட்டிக் கொள்ள வேணும். தண்ணீரிலே கரைகிற சரக்கு சிறுநீரோடு போய்விடும். கொழுப்பிலே கரைகிற சரக்கு கொழுப்போடு தங்கி விடும். டி.டி.டி., பி.எச்.சி., ஆல்ட்ரின், என்ட்ரின் எல்லாம் இந்த இரண்டு குணமும் உள்ள ஜாதி.

இதை உலகத்துக்குக் காட்டிக் கொடுத்தது ஒரு ஏரி. அமெரிக்காவிலே கலிபோர்னியா மாநிலத்திலே கிளியர் லேக் என்று ஒரு ஏரி. நம்ம ஏற்காடு ஏரியை விட எத்தனையோ பெரியது. ஆனால் அதுவும் மீன் பிடிக்கவும் பொழுது போக்கவும் ஜனங்கள் வருகிற ஏரிதான். அங்கே ஒரு சின்னக் கொசு மாதிரிப் பூச்சி. கடிக்காது, ஆனால் விளக்கைச் சுற்றி மொய்த்துத் தொந்தரவு செய்யும். அதை ஒழிக்க 1949, 1954, 1957 ஆகிய மூன்று ஆண்டுகளில் டி.டி.டி.யின் பங்காளியான டி.டி.டீ. என்ற மருந்தை ஏரியிலே கலந்தார்கள். ரொம்ப ஜாக்கிரதையாகத்தான் கலந்தார்கள். ஐம்பதாயிரம் லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் என்கிற அளவு. நாலு டேங்கர் லாரித் தண்ணீரிலே ஒரு கிராம்! இதனாலே என்ன ஆகிவிடப் போகிறது என்று நாம் கூடச் சொல்லியிருப்போம்.

அந்த ஏரியிலே முக்குளிப்பான் ஜாதிப் பறவை ஆயிரம் ஜோடிக்கு மேலே இருந்தது. மீன் தின்கிற பறவை. மருந்து கலந்த பிறகு அது செத்து மிதக்க ஆரம்பித்தது. நோய் என்று தேடினார்கள், நோய் எதுவும் இல்லை. கடைசியிலே பறவையின் கொழுப்பை எடுத்துச் சோதித்தார்கள். தண்ணீரிலே பத்து லட்சத்தில் 0.02 பங்கு இருந்த மருந்து, தண்ணீரிலே மிதக்கிற நுண்ணுயிர்களிலே 5 பங்காக இருந்தது. அதைத் தின்கிற சிறு மீனிலே இன்னும் அதிகம். பறவையின் கொழுப்பிலே 1,600 பங்கு. தண்ணீரோடு ஒப்பிட்டால் எண்பதாயிரம் மடங்கு. 1960-ஆம் ஆண்டு வாக்கிலே ஆயிரம் ஜோடி போய் முப்பது ஜோடி மிஞ்சியது, அதிலும் குஞ்சு பொரித்தது இல்லை. பறவையின் வாயிலே யாரும் மருந்தை ஊற்றவில்லை. அது தின்றது மீனைத்தான். ரேச்சல் கார்சன் என்ற அம்மையார் 1962-லே எழுதிய புத்தகத்திலே இந்த ஏரிக் கதையைச் சொன்ன பிறகுதான் சர்க்கார்கள் விழித்துக் கொண்டன.

குஞ்சு பொரிக்காததற்கும் காரணம் பிறகு தெரிந்தது. டி.டி.டி. உடம்பிலே மாறி உண்டாகிற சரக்கு, முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்பு போய்ச் சேருவதைத் தடுக்கிறது. ஓடு மெல்லியதாகி, தாய் உட்கார்ந்தாலே உடைந்து போகிறது. பைரி என்கிற வல்லூறு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இப்படித்தான் அழியப் பார்த்தது. 1972-லே அமெரிக்கா டி.டி.டி.யை நிறுத்தியது, பைரி மெள்ள மெள்ளத் திரும்பி வந்தது. நிறுத்தினால் திரும்புகிறது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

சரி, அமெரிக்கா கிடக்கட்டும். நம்ம மலைக்கு வருவோம்.

ஏற்காட்டிலே காப்பி வந்தது 1820-களிலே, சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை காலத்திலே. அப்போதெல்லாம் மருந்து ஏது! வந்த நோயை வந்தபடி அனுபவித்தார்கள். இலங்கையிலே 1869-லே கண்ட இலைத்துரு நோய் அந்த நாட்டுக் காப்பியையே அழித்து, தேயிலைக்கு மாற வைத்தது. நம் பக்கத்து அராபிகா காப்பிக்கு இன்றைக்கும் பெரிய எமன், வெள்ளைத் தண்டுத் துளைப்பான். வண்டு பட்டை வெடிப்பிலே முட்டை வைக்கும், புழு தண்டுக்குள் புகுந்து சுரங்கம் வெட்டும், செடி மஞ்சளாகிச் சாயும். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு புது மருந்துகள் வந்ததும், தோட்டக்காரர்கள் பி.எச்.சி. கரைசலைத் தண்டிலே பூச ஆரம்பித்தார்கள். எறும்புக்குத் தூவினது பி.எச்.சி. பொடி. கீழே சமவெளியிலே நெல்லுக்கும் அதே பத்து சதப் பொடிதான், கோணிப் பையிலே கட்டி வயலிலே உதறுவார்கள். வயதான குடியானவர்களுக்கு அந்த நெடி இன்னும் மூக்கிலே இருக்கும். விலை மலிவு, கடையிலே தாராளமாகக் கிடைத்தது, அடித்தால் பூச்சி விழுந்தது. குடியானவனைக் குற்றம் சொல்ல இதிலே ஒன்றும் இல்லை. தூவச் சொன்னார்கள், தூவினான்.

ஆனால் அந்தப் பொடியைப் பற்றி ஒரு சங்கதி அந்த நாளிலே யாரும் குடியானவனுக்கு விளக்கிச் சொல்லவில்லை. பி.எச்.சி. என்பது ஒரே சரக்கு இல்லை, நாலைந்து சகோதரர்கள் சேர்ந்த கலவை. அதிலே பூச்சியைக் கொல்கிறவன் காமா என்கிற ஒருத்தன். அவன் பங்கு நூற்றுக்கு 13-லிருந்து 15 தான். மற்றவர்கள் பூச்சிக்கு அவ்வளவாக ஆக மாட்டார்கள், மண்ணிலும் உடம்பிலும் தங்குவதற்கு மட்டும் ஆவார்கள். அதிலும் பீட்டா என்கிறவன் மனித உடம்பிலே பாதி குறையவே சுமார் ஏழு ஆண்டு ஆகும். ஏழு மூட்டை வாங்கினால் ஒரு மூட்டை வேலை செய்தது, ஆறு மூட்டை ஊரைச் சுற்றியது!

எப்படிச் சுற்றியது? பரங்கிப்பேட்டையிலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தோடு சேர்ந்து ஜப்பான் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1980-களின் கடைசியிலே வெள்ளாற்றுப் பக்கம் இதைத்தான் ஆராய்ந்தார்கள். வயலிலே தூவின பி.எச்.சி.யிலே ஆற்றோடு கடலுக்குப் போனது ரொம்பக் கொஞ்சம். கிட்டத்தட்ட எல்லாமே ஆவியாகிக் காற்றிலே கிளம்பி விட்டது. நம்ம நாட்டு வெயில் அப்படி. காற்றிலே போனது சும்மா இருக்குமா? குளிர்ந்த இடத்திலே மறுபடியும் இறங்கும். பிறகு தென்னிந்தியப் பறவைகளைச் சோதித்தபோது, இங்கேயே குடியிருக்கிற பறவைகளின் உடம்பிலே பி.எச்.சி. நிறைய இருந்ததைக் கண்டார்கள்.

பறவை போகட்டும், பாலுக்கு வருவோம். வயலிலே தூவின பொடி வைக்கோலிலே ஒட்டும். வரப்புப் புல்லிலே ஒட்டும். மாடு தின்னும். கொழுப்பிலே கரைகிற சரக்கு எங்கே போகும்? பாலிலே இருக்கிற கொழுப்புக்குத்தான் போகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 12 மாநிலங்களிலே 2,205 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்து 1993-லே அறிக்கை கொடுத்தது. நூற்றுக்கு 82 மாதிரியிலே டி.டி.டி. இருந்தது. பாலைக் காய்ச்சினால் போகாது. தயிராக்கிக் கடைந்து வெண்ணெய் எடுத்தால் விஷமும் வெண்ணெயோடுதான் வரும், மோரோடு போகாது. நெய்யை யாருக்கு ஊற்றுகிறோம்? குழந்தைக்குத்தான் முதலிலே ஊற்றுகிறோம்.

சங்கிலியின் கடைசிக் கண்ணி மனுஷன் என்று நினைக்கிறோம். அதற்கும் மேலே ஒரு கண்ணி உண்டு. தாய்ப்பால் குடிக்கிற சிசு. நம்ம சென்னையிலே உட்பட, தாய்ப்பாலிலும் இந்த மருந்துகள் இருப்பதை ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். இதைக் கேட்டுவிட்டு எந்தத் தாயும் பால் கொடுப்பதை நிறுத்தி விடக் கூடாது. தாய்ப்பாலுக்கு ஈடு வேறே எதுவும் இல்லை, டாக்டர்கள் எல்லாரும் சொல்கிறது அதுதான். செய்ய வேண்டியது, சங்கிலியின் அடிக் கண்ணியிலே விஷத்தை ஏற்றாமல் இருப்பது.

டி.டி.டி.யை விவசாயத்துக்குப் பயன்படுத்துவது 1989-லே நிறுத்தப்பட்டது. கொசு ஒழிப்புக்கு மட்டும் அதற்குப் பிறகும் அனுமதி இருந்தது. ஆல்ட்ரின் 1996-லே போயிற்று. பி.எச்.சி. 1997 ஏப்ரல் முதல் தடை. எண்டோசல்பானை 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. கேரளத்திலே காசர்கோடு முந்திரித் தோட்டங்களிலே அதை ஹெலிகாப்டரிலே தெளித்து, கீழே இருந்த கிராமங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். சட்டப்படி இவை எல்லாம் போயாயிற்று. மண்ணிலிருந்தும் ஏரிச் சேற்றிலிருந்தும் சட்டத்துக்குப் பயந்து அவை கிளம்பி விடுவதில்லை. இந்த ஜாதி மருந்துகள் மண்துகளோடு ஒட்டிக் கொள்ளும். சரிவிலே மண் அரித்தால் மண்ணோடு கீழே போகும். மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இந்த மலையிலே பாக்சைட் வெட்டின காலத்தில் இருந்து சரிவு மண் எப்படி ஓடும் என்பது மலைக்காரர்களுக்குத் தெரியும். வெட்டிவேரோ புல்லோ வைத்து மண்ணைக் கட்டினால், பழைய மருந்தையும் கட்டின மாதிரிதான்.

இப்போது வருகிற மருந்துகள் பெரும்பாலும் சில நாளிலோ சில வாரத்திலோ சிதைகிறவை. சங்கிலியிலே பத்து மடங்கு, நூறு மடங்கு என்று அவ்வளவாக ஏறுகிறதில்லை. அதற்காக அவை சாது என்று நினைக்க வேண்டாம். அடிக்கிற நாளிலேயே கொல்லும். செயற்கைப் பைரித்திராய்டு ஜாதி மருந்துகள் மீனுக்கும் நண்டுக்கும் எமன். தெளிப்பானை ஓடையிலே அலசினால், அந்த அலசின தண்ணீரே போதும். மருந்தை ஊற்றி மீன் பிடிக்கிறவர்களும் அங்கங்கே இருக்கிறார்கள். அந்த மீனை அவர்களே வீட்டுக்கு எடுத்துப் போய்க் குழம்பு வைக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

போர்டோக் கலவை சங்கதி வேறே. இலைத்துருவுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிக்கிறோம். அதற்கு இன்றைக்கும் நல்ல பெயர்தான், அடிக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அதிலே இருக்கிற செம்பு கொழுப்பிலே கரைந்து சங்கிலியிலே ஏறுகிற சரக்கு இல்லை. ஆனால் அது உலோகம், சிதையவே சிதையாது. வருஷா வருஷம் தெளிப்பது மேல் மண்ணிலேயே தங்கும். அளவு மீறினால் மண்புழுவுக்கு ஆகாது. தரையிலே நடக்கிற பெரிய பந்தி என்று சொன்னேனே, அது குறையும். இலை மெத்தை மக்காமல் அப்படியே கிடந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு எச்சரிக்கை. செம்மறி ஆட்டுக்குச் செம்பு கொஞ்சமும் தாங்காது. புதிதாகத் தெளித்த தோட்டத்துப் புல்லை அறுத்துச் செம்மறிக்குப் போடாதீர்கள்.

மலை ஏரியும் உலோகமும் என்றால் கொடைக்கானலைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை நடந்தது. அமெரிக்காவிலே இருந்த ஆலையைப் பெயர்த்துக் கொண்டு வந்து மலை உச்சியிலே வைத்தார்கள். தெர்மாமீட்டர் என்றால் பாதரசம். பாதரசம் ஒட்டின உடைந்த கண்ணாடி ஊருக்குள்ளே பழைய சாமான் கடையிலே மூட்டை மூட்டையாகக் கிடப்பதை ஜனங்கள் கண்டுபிடித்து, 2001 மார்ச்சிலே ஆலை மூடப்பட்டது. அதற்குள் பாதரசம் ஆவியாகி மரப் பாசியிலே ஏறியிருந்தது. கொடை ஏரி மீனிலும் ஆராய்ச்சியாளர்கள் அதைக் கண்டார்கள். வேலை செய்த 591 பேருக்குக் கம்பெனி உடன்பாடு செய்து பணம் கொடுத்தது 2016-லேதான். பதினைந்து வருஷம் போராடினார்கள்.

பாதரசம் ஏரிக்குள்ளே செய்கிற வேலை விசித்திரமானது. காற்றுப் படாத சேற்றிலே இருக்கிற நுண்ணுயிர்கள் அதை வேறே ஒரு வடிவத்துக்கு மாற்றி விடுகின்றன. அந்த வடிவம் மீனின் சதையிலே ஒட்டிக் கொள்ளும். கொழுப்பை நீக்கினாலும் போகாது, வேக வைத்தாலும் போகாது. சின்ன மீனைவிடச் சின்ன மீனைத் தின்கிற பெரிய மீனிலே அதிகம். ஜப்பானிலே மினமாட்டா என்ற ஊரிலே ஒரு ரசாயன ஆலையின் கழிவு கடல் மீன் வழியாக ஜனங்களுக்கு ஏறி, 1956-லே கை கால் நடுங்கும் நோயாக வெளிப்பட்டது. அங்கே முதலிலே ஆடினது பூனைகள், மீன் தின்கிற பூனைகள். மலை ஏரியைச் சுற்றி உடைந்த குழல் விளக்கையும் பழைய பாட்டரியையும் எறிகிறவர்கள் இதைக் கேட்டுக் கொண்டால் நல்லது.

பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகின் கதையையும் இரண்டு வார்த்தையிலே சொல்லி விடுகிறேன், மாடு வைத்திருக்கிற எல்லாருக்கும் சம்பந்தம் உண்டு. மாட்டுக்கு வலிக்குப் போடுகிற டைக்குளோபினாக் ஊசி, அந்த மாடு செத்தால் அதைத் தின்கிற பாறுக்குச் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்று விடும். இது பத்து மடங்கு பெருகுகிற விஷம் இல்லை, ஒரே கண்ணியிலே தாவிக் கொல்கிற விஷம். காரணம் 2004-லே கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குள் நாட்டிலே பாறுகளிலே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேலே போய்விட்டது. 2006-லே மாட்டுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. நம்ம மாநிலத்திலே இப்போது பாறு மிஞ்சியிருக்கிறது முக்கியமாக நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கிலே. கால்நடை டாக்டரிடம் வலிக்கு என்ன ஊசி என்று கேட்டு, மெலாக்சிகாம் போடச் சொல்லலாம், அது பாறுக்குக் கெடுதல் செய்யாது.

இனி, "மருந்து வேண்டாம் என்கிறீரே, தண்டுத் துளைப்பானுக்கு என்னய்யா செய்வது?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

வண்டு பறக்கிறது வருஷத்துக்கு இரண்டு பருவம். ஏப்ரல், மே ஒன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒன்று. அது வெயில் படுகிற தண்டைத்தான் தேடி வந்து முட்டை வைக்கும். ஆகையாலே நிழல்தான் முதல் மருந்து. சில்வர் ஓக் மரத்தை விலை வந்ததென்று ஒரேயடியாக வெட்டின தோட்டத்திலே துளைப்பான் ஏறுவதற்குக் காரணம் இதுதான். பருவத்துக்கு முன்னாலே தென்னை நார்க் கையுறை மாட்டிக் கொண்டு தண்டைத் தேய்த்துத் தளர்ந்த பட்டையை எடுத்து விடுங்கள். முட்டை வைக்க வெடிப்பு கிடைக்காது. தண்டுக்கும் தடித்த கிளைக்கும் பத்து சதச் சுண்ணாம்புக் கரைசல் பூசலாம். தண்டைச் சுற்றி மேடு தெரிகிற செடியைக் கண்டுபிடித்து வேரோடு எடுத்து எரித்து விடுங்கள். அடுத்த வருஷம் பார்த்துக் கொள்ளலாம் என்று ஒரு செடியை விட்டால் அது பத்துச் செடிக்கு விதை. பெண் வண்டைப் பிடிக்க இனக்கவர்ச்சிப் பொறியும் உண்டு. காப்பி வாரியத்தின் விரிவாக்க அலுவலர்கள் விவரம் சொல்வார்கள்.

மாவுப்பூச்சிக்கு நமக்கு நல்ல கூலியாள் இருக்கிறான். கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டு. 1898-லே காப்பியிலே பச்சைச் செதிலை ஒழிக்க என்று ஆஸ்திரேலியாவிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். வந்த வேலையை அவன் சரியாகச் செய்யவில்லை. மாவுப்பூச்சியைக் கண்டதும் பிடித்துக் கொண்டான்! அவன் புழுவும் வெள்ளை மாவு பூசினாற்போல இருக்கும். அதையே மாவுப்பூச்சி என்று நினைத்து நசுக்கி விடாதீர்கள், கொஞ்சம் பெரியது, சுறுசுறுப்பாக நகரும். 1983-லே டிரினிடாட்டிலிருந்து ஒரு குட்டிக் குளவியையும் கொண்டு வந்தார்கள், அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டை வைத்து ஒழிக்கும். இந்த இரண்டு பேருக்கும் விரோதி எறும்பு. மாவுப்பூச்சி கழிக்கிற தேனுக்காக எறும்பு காவல் நிற்கும். செடியிலே ஏறுகிற எறும்பைத் தடுத்து விட்டால் பாதி வேலை முடிந்தது. நிழல் மரக் கிளை செடியைத் தொடாமல் கவாத்துச் செய்யுங்கள். பச்சைச் செதிலுக்கு மீன் எண்ணெய் ரோசின் சோப்பு நல்லது. மழைக் காலத்திலே வெள்ளைப் பூஞ்சணம் ஒன்று தானாகவே செதிலின் மேலே படர்ந்து கொல்லும், அதைக் கண்டால் மருந்தடிக்காமல் விட்டு விடுங்கள். மார்ச், ஏப்ரலிலே பூ மழைக்குப் பிறகு தோட்டம் வெள்ளையாகப் பூத்திருக்கும் அந்தச் சில நாள் எந்த மருந்தும் கூடாது. தேனீ வந்து போன கொம்பிலே காய் கூடுதலாகப் பிடிக்கும்.

கடைசியாக ஒன்று. பழைய எஸ்டேட் கிடங்குகளிலும், கீழே பழைய வீட்டுப் பரண்களிலும், பேர் அழிந்த பொடி மூட்டையோ துருப் பிடித்த டப்பாவோ இன்னும் இருக்கலாம். தாத்தா வாங்கி வைத்தது, வீணாகப் போகிறதே என்று அதைச் செடிக்கும் தூவாதீர்கள், மாட்டு உண்ணிக்கும் தேய்க்காதீர்கள். குழி தோண்டிப் புதைத்தால் கிணற்றுக்கு வரும், கொளுத்தினால் புகையிலே கிளம்பும், ஓடையிலே கொட்டினால் வாணியாற்றுக்கோ திருமணிமுத்தாற்றுக்கோ போய்விடும். அப்படியே ஒரு பெரிய பிளாஸ்டிக் பீப்பாயிலே வைத்து மூடி, மழை படாத, பிள்ளைகள் எட்டாத இடத்திலே பூட்டி, வேளாண்மை அலுவலருக்கோ மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கோ எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்த தாளிலே ஒரு நகலை வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். கையிலே துணியோ உறையோ இல்லாமல் அந்த மூட்டையைத் தொட வேண்டாம். காலி டப்பாவைக் கழுவித் தண்ணீர் மொண்டு வைக்கிற பழக்கம் சில வீட்டிலே இருக்கிறது, அந்த டப்பாவை இன்றைக்கே ஓட்டை போட்டு, மூட்டையோடு சேர்த்துப் பூட்டி விடுங்கள்.